ஒரே ஒரு 'ம்'

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்கம்மா. எனக்குக் காத்து ஆகாது. தொண்டையில பட்டா ரெண்டு நாளைக்குக் குரல் கட்டிக்கும். என் பொழைப்பே தொண்டையிலதான் இருக்கு. பாட்டுக்காரியான்னு கேக்காதீங்க, எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க. நான் டப்பிங். சினிமால வாயசைக்கிறது ஒருத்தி, பேசுறது ஒருத்தியா இருக்கும்ல, அந்தப் பேசுறவ நான். முப்பத்தி நாலு வருசம் ஆச்சு. நீங்க சின்னப் பிள்ளையில ஞாயித்துக்கிழமை படம் பாத்திருந்தா என்னைக் கேட்டிருப்பீங்க. பாத்திருக்க மாட்டீங்க.

கள்ளக்குறிச்சியா நீங்க? நான் விழுப்புரத்துல இறங்கிருவேன். அங்க ஒருத்தியைப் பாக்கணும். அவ நாளைக்கு ஒரு பத்திரிகைக்காரர்கிட்ட ஒரு பதில் சொல்லப் போறா. அது எனக்கு எதிரா வந்துச்சுன்னா முப்பத்தி நாலு வருசமும் போச்சு. அதுக்கு முன்னாடி இன்னிக்கே பாத்துப் பேசிடணும். காலையிலேருந்து எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. பேசிக்கிட்டே வந்தா கொஞ்சம் அடங்கும். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், சும்மா 'ம்' கொட்டிக்கிட்டு வாங்க, போதும். ம் இல்லாம எனக்குப் பேச வராது. அந்தப் பழக்கத்தை எனக்குப் பண்ணிவெச்சதே அவதான்.

அவ பேரு பவளம். நாடகக் கம்பெனியில இருந்தவ. கம்பெனி கலைஞ்சு மெட்ராசுக்கு வந்து டப்பிங்ல சேந்தா. கதாநாயகிக்குப் பேசுற குரல் இல்லை அது, கொஞ்சம் கரகரன்னு இருக்கும். அதனால கூட்டக் குரல். சந்தையில கத்தரிக்கா விக்கிறவ, சாவு வீட்டுல அழுறவ, 'ஏய் போலீஸ் வருது'ன்னு கத்துறவ, எல்லாம் இவதான். கூட்டக் குரலுக்கு டைட்டில் கார்டுல பேரு போட மாட்டாங்க. என் பேராவது கடைசியில, ஜனங்க எந்திரிச்சுப் போறப்ப ஓடும். அவ பேரு அதுலயும் வராது.

ஆனா எனக்கு அவ பெரிய துணை. எப்படின்னு சொல்றேன். டப்பிங்ல தனியா நின்னுதான் பேசணும். படத்துல நான் புருசன்கிட்ட சண்டை போடுவேன், அந்தப் புருசன் குரல் போன வாரமே வந்து பேசிட்டுப் போயிருக்கும். எதிர்ல ஆளே கிடையாது. சுவத்தைப் பாத்து அழணும், சுவத்தைப் பாத்துக் கொஞ்சணும். பவளம் என்ன பண்ணுவான்னா, என் ரூமுக்குள்ள வந்து மைக்குக்குப் பின்னாடி சத்தமில்லாம நிப்பா. நான் ஒரு வரி பேசினா தலையை ஆட்டி வாய்க்குள்ளயே 'ம்'பா. மைக்குக்குக் கேக்காது, எனக்கு மட்டும் கேக்கும். அந்த ம் வந்துச்சுன்னா அடுத்த வரி தானா வரும். இருபத்திரெண்டு வருசம் அப்படி நின்னிருக்கா. நான் கேட்டதில்லை, அவளா வந்து நிப்பா. என்னை அக்கான்னுதான் கூப்பிடுவா. வயசுல என்னைவிட ரெண்டு மூத்தவ. நான் கதாநாயகிக் குரல் இல்லையா, அதனால அக்கா.

ரெண்டு வருசம் முன்னாடி ஒரு சின்ன டைரக்டர் வந்தார். 'கேட் நம்பர் பதினொண்ணு'ன்னு ஒரு படம். ரயில்வே கேட்டுல வேலை பாக்குற ஒரு பொம்பளை, அவ மகன் அதே தண்டவாளத்துல செத்துப்போறான், மறுநாளும் அவ கேட்டை மூடித் திறக்கணும். அதான் கதை. அதுக்கு இவளைக் கேட்டார். முகத்தைக் காட்டி நடிக்க. எனக்கு சந்தோசம். எனக்குதான் முதல்ல போன் பண்ணிச் சொன்னா. 'நல்லா பண்ணு, குரலை மட்டும் வேற யாரையாவது வெச்சுப் பேசச் சொல்லு'ன்னேன். அவ நல்லதுக்குத்தான் சொன்னேன். அந்த டைரக்டர் கேக்கலை, இவளையே பேசவெச்சுட்டார்.

எனக்குப் பொறாமைன்னு நினைக்காதீங்க. என் பேரு அனுசூயா. பொறாமை இல்லாதவன்னு அர்த்தமாம், எங்கப்பா பாத்துப் பாத்து வெச்ச பேரு.

இப்ப விசயத்துக்கு வர்றேன். வெண்சங்கு விருதுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. வருசா வருசம் கொடுப்பாங்க, டிவில போடுவாங்க. எங்க லைன்ல அதுக்கு மேல மரியாதை கிடையாது. இந்த வருசம் அதுக்கு ஜூரியில என்னைக் கூப்பிட்டாங்க. ஏழு பேர். டப்பிங் ஆளு ஒருத்தர் ஜூரியில உக்காந்தது அதுவரைக்கும் நடக்கலை. லெட்டர் வந்த அன்னிக்கு நான் அதை மூணு தடவை வாய்விட்டுப் படிச்சேன். ஜூரியில இருக்கிறது யாருக்கும் தெரியக்கூடாது, விழா மேடையிலதான் பேரைச் சொல்வாங்க. அதனால பவளத்துக்கும் சொல்லலை.

வடபழனியில ஒரு சின்னத் தியேட்டர்ல மூணு நாள் உக்காந்தோம். தலைவர் வேதநாயகம்னு பழைய டைரக்டர், எழுபது தாண்டினவர், பேச்சு குறைவு. அப்புறம் இளம்பரிதின்னு ஒரு விமர்சகர். அவருதான் நாளைக்கு விழுப்புரம் வரப்போறவர். பென்சிலைக் காதுல சொருகிக்கிட்டு எதைச் சொன்னாலும் ஏன்னு கேப்பார். மத்தவங்க நாலு பேரை விடுங்க, டிபன் நல்லா இருந்துச்சுன்னா சந்தோசமா இருக்கிறவங்க.

முதல் நாள் தலைவர் எழுந்து ஒண்ணு கேட்டார். 'போட்டியில இருக்கிற படம் எதுலயாவது உங்க யாருக்காவது பங்கு இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க.' நான் கையைத் தூக்கலை. நல்லாக் கேளுங்க, இதை வெச்சுத்தான் இப்ப பேச்சே. போட்டிக்கு வந்த எந்தப் படத்து டைட்டில் கார்டுலயும் என் பேரு இல்லை. அப்ப பங்கு இல்லைன்னுதானே அர்த்தம்.

பேசினேனான்னா, பேசினேன். 'ஈரமண்'னு ஒரு படம். ராமநாதபுரம் பக்கத்துக் கதை. தியாரான்னு சண்டிகர்ப் பொண்ணு, கிளாமர் படமெல்லாம் நடிச்சிட்டு இருந்தவ, இதுல கருப்புப் பூசி விதவையா நடிச்சா. ஆறு மாசம் தமிழ் கத்துக்கிட்டு சொந்தக் குரல்ல பேசியிருக்கான்னு பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. அவ பேசினது உண்மைதான். கேக்க முடியலை. அதனால சத்தமில்லாம என்னைக் கூப்பிட்டாங்க. நான்தான் பேசினேன்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு எழுதி வாங்கிட்டாங்க. பேரும் போடலை. அது எங்களுக்குப் புதுசு இல்லைம்மா, எத்தனையோ படம் அப்படிப் போயிருக்கு.

சரி, இப்ப வெண்சங்குல ஒரு விதி இருக்கு. சிறந்த நடிகைன்னா சொந்தக் குரல்ல பேசியிருக்கணும். இரவல் குரல்னா முகத்துக்கு விருது கிடையாது. படத்தை அனுப்புறப்பவே தயாரிப்பாளர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். 'ஈரமண்'காரங்க போட்டுக் கொடுத்திருந்தாங்க. நான் போடலை. அவங்க போட்டது.

சிறந்த நடிகருக்குப் பத்து நிமிசம்கூட ஆகலை. பெரிய ஹீரோ ஒருத்தர் காலைத் தாங்கித் தாங்கி நடந்திருந்தார். இளம்பரிதி மட்டும், 'சார், இடைவேளைக்கு அப்புறம் எந்தக் கால்னு அவருக்கே மறந்துபோச்சு'ன்னார். எல்லாரும் சிரிச்சிட்டு அவருக்கே கொடுத்துட்டாங்க. சிறந்த படத்துக்கு ஒரு நாள் பூரா சண்டை. ஓடின படத்துக்குக் கொடுக்கணுமா, ஓடாத நல்ல படத்துக்குக் கொடுக்கணுமான்னு. ஓடினதுக்கு ஜனங்க ஏற்கெனவே கொடுத்துட்டாங்களே, நாம எதுக்குன்னு தலைவர் சொன்னார். அப்படியும் ஓடினதுக்கே போச்சு.

மூணாம் நாள் காலையில சிறந்த நடிகை. அஞ்சு பேர்ல ஆரம்பிச்சு பதினோரு மணிக்கு ரெண்டு பேர்ல வந்து நின்னுச்சு. தியாரா, பவளம்.

இளம்பரிதி பவளம் பக்கம். 'அந்தம்மா கேட்டை இறக்குறப்ப கையைப் பாருங்க. மகன் செத்த மறுநாள் இறக்குறாங்க, கை ஒரு நொடி நிக்குது, அப்புறம் இறங்குது. அழலை, கத்தலை. இதுக்குக் கொடுக்கலைன்னா நாம எதுக்கு உக்காந்திருக்கோம்'னார். எதிர்ப்பக்கம் ஒருத்தர், 'நடிக்கவே இல்லையேங்க, அவங்க அப்படியேதானே இருக்காங்க. தியாரா எங்கேயோ இருந்து வந்து எப்படி மாறியிருக்கா'ன்னார். அப்படியே இருக்கிறது லேசா, மாறுறது கஷ்டமான்னு ஒரு மணி நேரம் போச்சு. ஒருத்தர் டீ கப்பைத் தட்டிவிட்டார். நடிக்கிறது தெரியாம நடிக்கிறதுதான் நடிப்புன்னு இளம்பரிதி. தெரியாத நடிப்புக்கு விருது கொடுத்தா, எதுக்குக் கொடுத்தோம்னு ஜனங்களுக்கு எப்படித் தெரியும்னு எதிர்ப்பக்கத்துக்காரர்.

அப்பத்தான் தலைவர் என்னைப் பாத்தார். 'அம்மா, உங்க டப்பிங்ல இருந்து வந்தவங்கதானே அவங்க, உங்களுக்குப் பழக்கம் இருக்குமே. நிஜத்துல எப்படி?' நான் உண்மையைச் சொன்னேன். 'நிஜத்துலயும் அப்படித்தான் சார். அதிகம் அழ மாட்டா. அவ புருசன் செத்தப்பகூட அப்படித்தான் நின்னா.' அவ்வளவுதான். நல்லதாத்தானே சொன்னேன். எதிர்ப்பக்கம் இருந்தவர் மேஜையைத் தட்டி, 'கேட்டீங்களா, நடிப்பு இல்லை'ன்னார். அதுக்கு நான் என்ன பண்றது. பொய்யா சொல்ல முடியும்.

அதுவும் இல்லாம, நம்ம ஆளுன்னு ஓட்டுப் போட்டா நாலு பேரு என்ன சொல்வாங்க. முதல் தடவையா ஒரு டப்பிங்காரியை உக்கார வெச்சாங்க, தன் கூட்டாளிக்கே தூக்கிக் கொடுத்துட்டா பாருன்னு சொல்ல மாட்டாங்களா. நியாயமா இருக்கணும்னு நினைச்சா நெருங்கினவங்களைத்தான் முதல்ல தள்ளிவெக்கணும்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல பவளம் போன் பண்ணினா. தினம் பண்ணுவா. 'அக்கா, என் படத்தை அனுப்பியிருக்காங்களாம். ஜூரியில உனக்கு யாரையாவது தெரியுமா?' நான், 'ம்ஹும்'னேன். ரகசியம்னு சொல்லியிருக்காங்களே. அவ சொன்னா, 'கிடைக்காட்டிப் போகுது. மைக்குல ஒரே ஒரு தடவை என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டா போதும்கா. நாப்பது வருசமா நான் கத்தாத கூட்டம் இல்லை, ஒருத்தனாவது என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டானா.' சொல்லிட்டுச் சிரிச்சா. தயிர்சாதத்தை அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சேன். மனசு எனக்கும் இருக்கும்மா.

சாப்பிட்டு வந்ததும் தலைவர், 'ஈரமண்ல அந்த ஆஸ்பத்திரி சீனை இன்னொரு தடவை போடுங்க'ன்னார். படத்துக்கே உயிர் அந்த சீன்தான். கடலுக்குப் போன புருசன் பொணமாக் கரை ஒதுங்கிட்டான். ஆஸ்பத்திரியில கொண்டுவந்து போட்டிருக்காங்க. இன்ஸ்பெக்டர் துணியை விலக்கி, 'உன் புருசன்தானா பாரு'ங்கிறார். தியாரா நிக்கிறா. வாய் மூடியிருக்கு. முகத்துல ஒண்ணும் இல்லை. கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு 'ம்' வருது. வாய் அசையலை, முகம் அசையலை, அந்த ம் மட்டும் வருது. சீன் முடிஞ்சுது.

லைட்டைப் போட்டதும் தலைவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். 'ஐம்பது வருசமா படம் எடுக்குறேன். இப்படி ஒரு ம்-ஐ நான் யார்கிட்டயும் வாங்கினதில்லை. இந்த ஒரு சத்தத்துக்கே கொடுக்கலாம்'னார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. அந்த ம் தியாரா போட்டதே இல்லை. ஷூட்டிங்ல அவ சும்மா நின்னா, அவ்வளவுதான். அந்தப் படத்து டைரக்டரும் அந்த இடத்தை சத்தமில்லாமத்தான் விடச் சொன்னார். நான்தான் மைக்குல நிக்கிறப்ப, அந்த மூடின வாயைப் பாத்துட்டு, என்னையும் மீறி ஒண்ணு போட்டேன். வேற வார்த்தைன்னா வாயசைவு வேணும். ம்-க்கு வாயைத் திறக்கவே வேணாம், எங்க வேணா உக்காரும். அதுதான் அதுல வசதி. அந்த டைரக்டர் ரெக்கார்டிங் ரூம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எந்திரிச்சு நின்னுட்டார். முப்பத்தி நாலு வருசத்துல என் குரலை ஒரு பெரிய மனுசர் வாயால பாராட்டிக் கேட்டது அந்த மத்தியானம்தான். அதுவும் என்னைப் பாத்துச் சொல்லலை. திரையைப் பாத்துச் சொன்னார்.

எங்கேருந்து வந்துச்சு அந்த ம்-னு கேப்பீங்க. கலைன்னா எங்கேருந்தாவது எடுக்கத்தானேம்மா வேணும். பவளத்தோட புருசன் ஏகாம்பரம், ஆர்மோனியக்காரர், லாரி அடிச்சு செத்துப்போனார். தொண்ணூத்தொம்பதுல. பெரியாஸ்பத்திரிக்கு அவகூட நான்தான் போனேன். ஏட்டு துணியை விலக்கி, 'உன் வீட்டுக்காரர்தானா பாரும்மா'ன்னார். அவ நின்னா. நான் அழுறேன், அவ அழலை. அப்புறம் ஒண்ணு சொன்னா பாருங்க, ம்-னு. தண்ணிக் குடத்தை இடுப்புலேருந்து இறக்கி வெக்கிறப்ப ஒரு சத்தம் வருமே, அந்த மாதிரி. அது என் காதுலயே இருந்துச்சு. இருபத்தஞ்சு வருசம் கழிச்சு எடுத்துப் போட்டேன். அவ சும்மா விட்டுட்டுப் போனதுதானே, அதை யாரு கவனிச்சு எடுத்து வெச்சிருந்தது? நான்தானே.

என்னம்மா, வெளியவே பாத்துட்டு வர்றீங்க. கேக்குறீங்கல்ல? ம், சரி. திண்டிவனம் தாண்டிட்டோம் போலிருக்கு. கொஞ்சம் சீக்கிரம் சொல்லி முடிச்சிடுறேன்.

ஓட்டு எடுத்தாங்க. கையைத் தூக்கித்தான். தியாராவுக்கு மூணு, பவளத்துக்கு மூணு. தலைவர் கையும் தியாராவுக்குத்தான். நான் இன்னும் தூக்கலை. ஆறு பேரும் என்னையே பாக்குறாங்க. அப்பத்தான் இளம்பரிதி பென்சிலைக் காதுலேருந்து எடுத்தார்.

'ஒரு நிமிசம். சண்டிகர்ப் பொண்ணு. ஆறு மாசம் தமிழ். படம் பூரா ஒரு ழகரம் பிசகலை. நான் திருநெல்வேலிக்காரன், எனக்கே நாலு தடவை பிசகும். இது இரவல் குரல்னு நான் நினைக்கிறேன். இரவல்னா விதிப்படி தியாரா போட்டியிலேயே கிடையாது, அப்ப பவளம்மாதான்.'

தயாரிப்பாளர் கொடுத்த கடிதம் இருக்கேன்னு ஒருத்தர் சொன்னார். கடிதத்தை யாரு வேணா கொடுக்கலாம்னார் இளம்பரிதி. தலைவருக்குக் கோபம் வந்துருச்சு. 'எதுக்கு சண்டை. குரல் தெரிஞ்சவங்க நம்ம மத்தியிலேயே இருக்காங்க'ன்னுட்டு என் பக்கம் திரும்பினார். திரையில அந்த ஆஸ்பத்திரி சீன் அப்படியே நிறுத்தியிருக்கு. அவ மூடின வாய் இம்மாம் பெருசுக்குத் தெரியுது.

'சொல்லுங்கம்மா. இது அந்தப் பொண்ணு குரல்தானா?'

இல்லைன்னு சொன்னா யாரு குரல்னு கேப்பாங்க. என்னுதுன்னா, முதல் நாள் ஏன் கையைத் தூக்கலைன்னு கேப்பாங்க. அப்புறம், இதையும் சொல்லிடுறேன், இல்லைன்னு சொன்னா அந்த ம் போட்டியிலேருந்து வெளிய போயிடும். அந்தப் பெரிய மனுசர் கண்ணாடியைக் கழட்டினது வீணாப் போயிடும். முப்பத்தி நாலு வருசத்துல முதல் தடவையா என் குரல் அந்த மேடைக்குப் போகப்போகுது. யாரு முகத்துல போனா என்ன.

'ம்'னேன்.

பொய் சொன்னேன்னு எவனும் என்னைச் சொல்ல முடியாது. ஆமான்னு சொல்லலை. வாயைத் திறக்கவே இல்லை. அவங்களா எடுத்துக்கிட்டாங்க. அப்புறம் கையைத் தூக்கினேன்.

விழாவுக்குப் பவளம் வந்திருந்தா. அரக்குக் கலர்ல பட்டு, நான் எடுத்துக் கொடுத்ததுதான். அஞ்சாவது வரிசை. மேடையில ஜூரி பேரெல்லாம் வாசிச்சு எங்களை முன்வரிசையில உக்கார வெச்சாங்க. என் பேரைச் சொன்னதும் திரும்பிப் பாத்தேன். அவ முகம் மலர்ந்துபோச்சு. என்னைப் பாத்துக் கையை ஆட்டுறா. நம்ம அக்கா ஜூரியில இருக்கான்னு பக்கத்து சீட்டுக்காரங்ககிட்ட சொல்றா, வாயசைவுலயே எனக்குத் தெரியுது. நமக்குத்தான்னு நினைச்சுட்டா பாவம்.

பேரைச் சொல்றதுக்கு முன்னாடி படத்துத் துண்டு போட்டுக் காட்டுவாங்க. பவளத்தோட கேட்டைக் காட்டினாங்க. கொஞ்சம் கைதட்டல். அப்புறம் அந்த ஆஸ்பத்திரி. அந்த மண்டபத்துல அவ்வளவு பெரிய ஸ்பீக்கர்ல அந்த ம் விழுந்துச்சு. ஆயிரம் பேர் மூச்சு விடலை. எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துப்போச்சு. யாராவது திரும்பி என்னைப் பாக்க மாட்டாங்களான்னு இருந்துச்சு. திரும்பினேன். ஒருத்தி பாத்துட்டு இருந்தா. எல்லாரும் திரையைப் பாக்குறாங்க, பவளம் மட்டும் என் முதுகைப் பாத்துட்டு இருக்கா.

இருபத்திரெண்டு வருசம் ஒரே ரூம்ல என்கூட நின்ன காது. என் குரலை அவளுக்குத் தெரியாதா. என் குரல்னு மட்டும் தெரிஞ்சிருந்தாப் பரவாயில்லை. அது யாரோட ம்-ங்கிறதும் அவளுக்குத் தெரியும்ல.

மறுநாளே விழுப்புரத்துக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா. போன் எடுக்கலை. பத்து நாள் கழிச்சு ஒரு தடவை எடுத்தா. நான் எல்லாத்தையும் சொன்னேன். ஓட்டு, விதி, கடிதம், நியாயம், எல்லாம். பதினோரு நிமிசம் பேசினேன். எதிர்ல ஒண்ணும் இல்லை. வெச்சுட்டாளான்னு ரெண்டு தடவை போனை எடுத்துப் பாத்தேன், வெக்கலை. மிக்சி ஓடுற சத்தம் கேக்குது, அவ தங்கச்சி யாரையோ திட்டுறது கேக்குது. அவ மூச்சுகூடக் கேக்குது. ம் மட்டும் இல்லை. நான் பாதி வாக்கியத்துல நின்னுட்டேன். பேச வரலைம்மா எனக்கு.

நேத்து இளம்பரிதி போன் பண்ணினார். மரியாதையாத்தான் பேசினார். 'அம்மா, வியாழக்கிழமை பவளம்மாவைப் பாக்கப் போறேன். அந்த சீனைப் போட்டுக் காட்டி, இது தியாரா குரல்தானான்னு ஒரே ஒரு கேள்வி கேக்கப்போறேன். அவங்க சொல்றதை அப்படியே எழுதுவேன். நீங்க முன்னாடியே எதாவது சொல்லணும்னா சொல்லலாம்.' ஒண்ணும் இல்லை சார்னு வெச்சுட்டேன். அவ இல்லைன்னு சொன்னா தியாரா விருதைத் திருப்பிக் கொடுக்கணும், அது அடுத்த ஆளுக்குப் போகும். அடுத்த ஆளு அவதான். அவளுக்கு என்ன நஷ்டம் சொல்லுங்க. மைக்குல பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க. என்னைத்தான் இனிமே ஒரு தியேட்டர் வாசல்லயும் சேக்க மாட்டாங்க.

அதான் போய்க் கேக்கப்போறேன். பெருசா ஒண்ணும் கேக்கலை. பொய் சொல்லச் சொல்லலை, அவ நல்லவ, பொய் சொல்ல வராது. நான் பண்ணினதை அவளும் பண்ணினா போதும். எனக்காக நாள் பூரா நின்னு சொன்னதுதானே. இன்னும் ஒரு தடவை.

டோல்கேட் வந்துருச்சு. இன்னும் கால் மணி நேரத்துல இறங்கணும். ஒரு உதவி பண்ணுங்கம்மா. டேக்குக்கு முன்னாடி நாங்க ஒரு ஒத்திகை பாப்போம், அது இல்லாம எனக்கு வராது. நீங்க பவளம்னு வெச்சுக்கங்க. அந்தப் பையை மடியிலேருந்து இறக்கி வெச்சிட்டு என்னைப் பாருங்க. ஆங், அப்படித்தான். நான் கேக்குறேன்.

பவளம், நாளைக்கு அவர் வருவார். படத்தைப் போட்டுக் காட்டி, இது அந்தப் பொண்ணு குரல்தானான்னு கேப்பார். நீ ஆமான்னும் சொல்ல வேணாம், இல்லைன்னும் சொல்ல வேணாம். என் மூஞ்சியை நினைச்சுக்கோ. இத்தனை வருசத்தை நினைச்சுக்கோ. எனக்காகச் சொல்வியாடி?

இப்ப நீங்க சொல்லணும்.

சொல்லுங்கம்மா. செங்கல்பட்டுலேருந்து நல்லாக் கொட்டிக்கிட்டுத்தானே வந்தீங்க. நடுவுல எங்க விட்டீங்கன்னுகூட நான் கவனிக்கலை. ஏன் அப்படிப் பாக்குறீங்க. நீங்க யாரோ, நான் யாரோ, உங்களுக்கு இதுல என்ன போகுது. ஒத்திகைதானேம்மா.

கண்டக்டர் விழுப்புரம் விழுப்புரம்னு கூப்பிடுறார். நான் இறங்கணும். ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்க. வாயைத் திறக்கக்கூட வேணாம்.